வில்லை மாற்றும் முன் நாணைப் பாருங்கள்

அம்பு குறி தவறத் தொடங்கியதும் பலர் செய்யும் முதல் காரியம், புது வேட்டை வில்லின் விலையைத் தேடுவது. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலான கதைதான். முனைச் சக்கரங்களை நாணும் கேபிளும் இணைக்கும் காம்பவுண்ட் வில் பழசானால், அதில் பெரும்பாலும் முதலில் தேய்ந்துபோவது நாணும் கேபிளும்தான். நாண் மெல்ல நீளும், கேம்கள் எனும் அந்தச் சக்கரங்களின் ஒத்திசைவு குலையும், நாணில் பொருத்திய குறிபார்க்கும் துளையான பீப் சைட் கண்ணுக்கு நேரே நிற்காமல் திரும்பிக்கொள்ளும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நாணை மாற்ற வேண்டும் என்பதே பலருக்கு நினைவிருப்பதில்லை. புது நாண் போட்டு, ஒரு தாளை விறைப்பாகக் கட்டி, சில அடி தள்ளி நின்று அதன் வழியே அம்பை விடுங்கள். வட்டத் துளையும் இறகுக் கீறல்களும் சுத்தமாக விழுந்தால் வில்லைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நீளமாகக் கிழிந்தால், டியூனிங்கையோ அம்பின் விறைப்பையோ, ஏன், உங்கள் கைப்பிடியையோ பார்க்க வேண்டும்.

அடுத்தது வேக மோகம். பெட்டியில் விநாடிக்கு 340 அடி என்று போட்டிருக்கும். அது 70 பவுண்டு இழுவிசை, 30 அங்குல இழுநீளம் (நாணை முழுதாக இழுக்கும் தூரம்), 350 கிரெய்ன் எடையுள்ள அம்பு என்ற கணக்கில் அளந்தது. இழுநீளம் ஓர் அங்குலம் குறைந்தால் ஏறத்தாழ 10 அடி போய்விடும். 28 அங்குலக்காரர் 450 கிரெய்ன் வேட்டை அம்பைப் போட்டால் 290ஐத் தொடுவதே சிரமம். சரி, வேகம் கூடினால்தான் என்ன கிடைக்கிறது? 30 கெஜத்தில் 280க்கும் 300க்கும் உள்ள வித்தியாசம் விநாடியில் நூறில் இரண்டு பங்கு. ஒலியோ விநாடிக்குச் சுமார் 1,100 அடி போகும். எப்படியும் மான் காதுக்கு நாணொலிதான் முந்தும். என்னைக் கேட்டால் வேகத்தைவிடச் சத்தம் குறைந்த வில்லே மேல்.

கூடுதல் பவுண்டு வாங்குவதில் வீம்பு வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து, வில்லை வானத்துக்குத் தூக்காமல் நேராக இழுக்க முடியவில்லையா? அது உங்களுக்கு அதிகம். அப்புறம், வில் மாறினால் பழைய அம்புகளின் விறைப்பு பொருந்தாமல் போகலாம். அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். வேட்டைப் பருவத்துக்கு ஒரு வாரம் முன்பு மட்டும் வாங்காதீர்கள்.

உண்மையாகவே மாற்ற வேண்டிய நேரமும் உண்டு. இழுநீளத்தை உங்கள் உடலுக்கு ஏற்ப அமைக்க வழியில்லாத வில், உதிரிபாகமே கிடைக்காத வில். லிம்பின் (வில்லின் வளையும் கையின்) மேல் ஒரு பஞ்சு உருண்டையை ஓட்டிப் பாருங்கள். இழை சிக்கினால் அங்கே விரிசல் இருக்கலாம். அந்த வில்லை இன்னொரு முறை இழுக்காமல், தெரிந்தவரிடம் காட்டுங்கள்.