உதவியை ஏற்கப் பழகுதல்: தாமிரபரணிக் கரையில் ஒரு பயிற்சி

நோயில் படுத்தவர்களையும், துணையை இழந்தவர்களையும், பிள்ளைகள் வெளியூர் சென்றுவிட்டதால் வீட்டில் தனித்திருப்பவர்களையும் பார்க்கப் போனால், திருநெல்வேலிப் பக்கத்தில் பெரும்பாலும் முதலில் கேட்பது "உங்களுக்கு எதுக்கு சிரமம்?" என்ற மறுப்பைத்தான். ஊரார் வீட்டுக் காரியத்திற்கு முதல் ஆளாக ஓடுகிறவர்களே தமக்கென்று வரும்போது கூசி விலகுகிறார்கள். அந்தக் கூச்சத்தைக் குறைக்க அறிவுரையைவிட ஆறு அதிகம் உதவும் என்று நம்புகிறேன். பிறந்த நாள் முதல் நாம் கூச்சமே இல்லாமல் பெற்றுவருவது அதனிடம்தான்.

காலையில் கூட்டம் சேர்வதற்கு முன் அருகிலுள்ள படித்துறைக்குச் செல்லுங்கள். குறுக்குத்துறையோ கல்லிடைக்குறிச்சியோ, எதுவாயினும் சரி. நடக்க இயலாதவர்கள் வீட்டுக் குழாயடியில் அமர்ந்தும் இதைச் செய்யலாம். பொதுவாக நன்றி என்று நினைத்துவிட்டுத் திரும்புவதில் பயன் அதிகமில்லை. காலை நனைக்கும் நீர் வந்த வழியை மனத்தால் பின்தொடர்ந்து செல்ல வேண்டும். பொதிகை மலையில் தென்மேற்குப் பருவத்திலும் வடகிழக்குப் பருவத்திலும் பெய்த மழை பாபநாசத்தில் சமவெளிக்கு இறங்கி, மணிமுத்தாறு, கடனாநதி, பச்சையாறு, சிற்றாறு ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்டு புன்னைக்காயலில் கடலை அடைகிறது. இடையில் கோடைமேலழகியான் முதல் திருவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் அதைத் தடுத்துக் கால்வாய்களில் திருப்பிவிடுகின்றன. அரியநாயகிபுரத்தில் பிரியும் கோடகன் கால்வாயையும், பழவூரில் பிரியும் பாளையங்கால்வாயையும், சுத்தமல்லியில் பிரியும் நெல்லைக் கால்வாயையும் யாரோ வெட்டினார்கள். யாரோ தூர் வாரினார்கள். கார், பிசானம் என்ற இரு பருவ நெல் சாகுபடிக்கும் இரவில் மண்வெட்டியுடன் நின்று யாரோ நீரைத் திருப்பினார்கள்.

இந்தப் பயிற்சியின் உயிர் இங்கேதான் இருக்கிறது. இயற்கை தந்தது என்று நாம் தயங்காமல் ஏற்றுக்கொண்டது, உண்மையில் முகம் தெரியாத எத்தனையோ பேரின் கைகளைக் கடந்துதான் நம் தட்டில் சோறாக விழுந்திருக்கிறது. ஆகவே யாரிடமும் எதையும் வாங்காமல் வாழ்ந்துவிட்டேன் என்று சொல்லக்கூடியவர் இந்த ஆற்றங்கரையில் ஒருவரும் இல்லை. வாரத்தில் சில நாட்களாவது இதைப் பொறுமையாக எண்ணிப் பார்த்தால், அடுத்த வீட்டார் நீட்டும் பாத்திரம் நம் மானத்திற்குக் குறைவாகத் தோன்றாது.

நன்றி மனத்தோடு நின்றுவிடவும் கூடாது. பாபநாசத்தில் பரிகாரம் என்று உடுத்திய துணியை ஆற்றில் விட்டுச் செல்லும் வழக்கம் படித்துறையையும் மீன்களையும் எவ்வளவு கெடுக்கிறது என்பதைச் சென்று பார்த்தவர்கள் அறிவார்கள். துணியை வீட்டிற்கே எடுத்துவருவது சிறிய செயல்தான். ஆனால் அதைவிட நேர்மையான வழிபாடு எனக்குத் தெரியவில்லை. கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்திற்குப் பறவைகள் வரும் காலத்தில் ஒருமுறை போய்வாருங்கள். வீட்டையொட்டிய மரங்களில் மஞ்சள் மூக்கு நாரைகளும் கூழைக்கடாக்களும் கூடு கட்ட ஊரார் இடம் கொடுக்கிறார்கள். அவற்றின் எச்சம் சேர்ந்த குளத்து வண்டல் வயலுக்கு உரமாகிறது. யார் யாருக்குக் கடன்பட்டவர் என்று அங்கே எவரும் கணக்குப் பார்ப்பதில்லை.

கணக்குதான் நமக்குப் பெரிய தடை. மொய் நோட்டு வைத்து, கொடுத்தவர் வீட்டு விசேஷத்திற்கு அதே தொகையையோ சற்றுக் கூட்டியோ செய்து பழகியவர்கள் நாம். கல்யாணத்திற்கு அது நல்ல ஏற்பாடுதான். ஒரே நாளில் விழும் பெருஞ்செலவை ஊர் முழுவதும் பகிர்ந்துகொள்கிறது. ஆனால் இரவு முழுவதும் மருத்துவமனையில் துணையிருந்தவரின் தூக்கத்தை எந்த நோட்டிலும் எழுத முடியாது. எழுத முயல்வதால்தான் உதவி சுமையாகிறது. 2023 டிசம்பர் பெருவெள்ளத்தில் திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட ரயில் திருவைகுண்டத்தில் சிக்கிக்கொண்டபோது, புதுக்குடி மக்கள் தங்கள் ஊரும் வெள்ளத்தில் தவித்த நேரத்திலேயே பயணிகளுக்குச் சமைத்துப் போட்டார்கள். திருப்பிச் செய்ய வழியே இல்லாத அந்த உணவைப் பயணிகள் பசியோடு உண்டார்கள். அவர்களிடம் ஏற்றவர் என்ற தாழ்வும், இவர்களிடம் கொடுத்தவர் என்ற உயர்வும் எங்கே இருந்தன?

எனவே உதவி கேட்கும்போது சுற்றி வளைக்காமல் நாளையும் வேலையையும் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். "அண்ணாச்சி, வெள்ளிக்கிழமை காலையில ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குப் போகணும், கூட வாரியளா?" என்று கேட்டால், முடியுமா முடியாதா என்று அவர் உடனே சொல்லிவிடலாம். முடியாது என்றால் அதைக் குறையாகக் கொள்ளாமல் வேறொருவரிடம் கேளுங்கள். யாராவது தாமாக வந்து "என்ன செய்யட்டும்?" என்று கேட்டால், "ஒன்றும் வேண்டாம்" என்பதற்குப் பதிலாகச் சிறிய வேலை ஒன்றைச் சொல்லுங்கள்: மருந்து வாங்குவது, ரேஷன் கடையில் வரிசையில் நிற்பது, ஒரு வேளை ரசம் வைத்துத் தருவது. பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது என்பது நம் வீடுகளின் அழகான வழக்கம்; ஆனால் உடல் தேறும் வரை அதைக் கழுவி, வெறுமையாகவே கொடுத்தனுப்பலாம். கொடுத்தவர் தவறாக நினைக்க மாட்டார்.

உதவியை ஏற்பது வீட்டுச் சாவியை ஒப்படைப்பதாகாது. சாப்பாடு போதும், ஜாதகம் பார்க்க வேண்டாம் என்றும், பேச்சுத்துணை வேண்டும், அறிவுரை இப்போது வேண்டாம் என்றும் மரியாதையாகச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. துக்கம் வாரக்கணக்கில் தூக்கத்தையும் பசியையும் கெடுத்தாலோ, வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தாலோ, ஆற்றங்கரையும் அக்கம்பக்கமும் மட்டும் போதாது. மருத்துவரைப் பாருங்கள், அல்லது 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை அழையுங்கள். எண்ணை அழுத்தக் கை வராவிட்டால், அருகிலிருப்பவரிடம் போனைக் கொடுத்துப் பேசச் சொல்லுங்கள்.