34 நாளில் முதல் திரும்புமாம்

போன வாரம் சிங்கப்பூரின் ஈசூனில் ஒரு கோப்பிக்கடை. என்னோடு வேலை பார்க்கும் தம்பி, தே தாரிக்கை ஓரமாகத் தள்ளிவிட்டுக் கைபேசியை நீட்டினான். "அண்ணே, இதைக் கொஞ்சம் பாருங்க." எக்செல் தாள். ஆடி ஜெயித்தால் காசாக்கக்கூடிய டோக்கன் தரும் பிளாக்செயின் விளையாட்டு ஒன்றில் நுழைய இத்தனை வெள்ளி, ஒரு நாள் வருமானம் இத்தனை வெள்ளி. கடைசிக் கட்டத்துக்கு மஞ்சள் அடித்து '34 நாள்' என்று போட்டிருந்தான்.

2021இல் நானும் இதே கணக்கைப் போட்டவன்தான். எக்செல்கூட இல்லை, ஃபோர்-டி லாட்டரிச் சீட்டின் பின்பக்கம்.

வாலட்டின், அதாவது டிஜிட்டல் பணப்பையின், ரகசியச் சொற்களை யாரிடமும் கொடுக்காதே, டெலிகிராமில் வலிய வந்து உதவுகிறவனை நம்பாதே என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அது தெரியாதவர்கள் இன்னும் கொஞ்ச நாள் வேடிக்கை மட்டும் பார்க்கலாம். தெரிந்தவர்களும் செய்கிற தப்புகள்தான் கீழே.

இன்றைய விலையை 30ஆல் பெருக்குவது

நான் பாடம் படித்தது ஆக்ஸி இன்ஃபினிட்டியில். வியட்நாமின் ஸ்கை மேவிஸ் உருவாக்கிய விளையாட்டு. அப்போது ஆடத் தொடங்கவே மூன்று ஆக்ஸி, அதாவது சண்டைபோடும் கற்பனைப் பிராணிகள், வாங்க வேண்டும். ஒவ்வொன்றும் ஒரு என்எஃப்டி, பிளாக்செயினில் உங்கள் பேரில் பதிவாகும், வாங்கி விற்கக்கூடிய டிஜிட்டல் பொருள். ஜெயித்தால் எஸ்எல்பி என்ற டோக்கன், அதாவது விற்றுக் காசாக்கும் டிஜிட்டல் நாணயம், கிடைக்கும். 2021 ஜூலையில் ஒரு எஸ்எல்பி 35 அமெரிக்கக் காசைத் தாண்டியது. நான்தான் ஜாக்கிரதைக்காரன் ஆயிற்றே, 20 காசு என்று குறைத்து வைத்துத்தான் கணக்குப் போட்டேன். நாளைக்கு 150 எஸ்எல்பி என்றால் 30 டாலர். மூன்று ஆக்ஸிக்கும் கொடுத்தது 900 அமெரிக்க டாலர். ஆக, 30 நாளில் முதல் கைக்கு வரும், அப்புறம் வருவதெல்லாம் லாபம்.

பெருக்கலில் தப்பில்லை. அந்த 20 காசு 30 நாளும் அங்கேயே நிற்கும் என்று நினைத்ததுதான் தப்பு.

எஸ்எல்பிக்கு அப்போது உச்சவரம்பு கிடையாது. ஆடிய ஒவ்வொருவரும் தினமும் புதிதாக அச்சடித்துக்கொண்டே இருந்தார்கள். அது செலவாகி அழிந்தது பெரும்பாலும் ஓரிடத்தில்தான்: இரண்டு ஆக்ஸியைச் சேர்த்துக் குட்டி போட வைக்கும்போது. குட்டியை யார் வாங்குவார்? அப்போதுதான் விளையாட்டில் சேர வருகிறவர். அவருக்கு மூன்று வேண்டுமே! வருகிறவர்கள் கொஞ்சம் குறைந்தாலே குட்டி விலை போகாது. குட்டி விலை போகாவிட்டால் யாரும் எஸ்எல்பியை எரிக்க மாட்டார்கள். அச்சடிப்பது மட்டும் நிற்காது. 2022 ஜனவரி முடிவதற்குள் விலை ஒரு காசுப் பக்கம் வந்துவிட்டது. பிப்ரவரியில் அட்வென்ச்சர் ஆட்டத்துக்கும் அன்றாடப் பணிக்கும் கொடுத்துவந்த எஸ்எல்பியை நிறுவனமே நிறுத்தியது. விலை கொஞ்சம் துள்ளியது, பிறகு மறுபடி சரிந்து அரைக் காசுக்கும் கீழே போனது.

இதோடு போயிருந்தால்கூட எனக்கு இத்தனை எரிச்சல் இருக்காது. சீட்டில் எழுதாத இன்னொன்று இருந்தது. முதல், அதாவது அந்த மூன்று ஆக்ஸி, அப்படியே பத்திரமாக இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். ஆக்ஸியின் விலையே அது சம்பாதித்துத் தரும் எஸ்எல்பியை வைத்துத்தான். மாடு கறக்காவிட்டால் மாட்டுக்கு என்ன விலை? பாலும் மாடும் ஒன்றாகச் சரிந்தன. இரண்டு ஆக்ஸியை நான் விற்றபோது கிடைத்த காசில் ஒரு நாசி பாடாங் சாப்பிட்டேன், மீன் துண்டு சேர்க்காமல்.

அதற்கு மேலும் ஒரு முட்டாள்தனம் செய்தேன். சேர்ந்த எஸ்எல்பியை அப்போது 14 நாளுக்கு ஒருமுறைதான் வாலட்டுக்கு எடுக்க முடிந்தது. எடுத்த அன்றே விற்றிருக்கலாம். 'போன தடவை விலைக்கு ஏறட்டும்' என்று வைத்திருந்தேன். அடுத்த தடவையும் அதே வசனம். இது விளையாட்டின் குற்றம் இல்லை, சுத்தமாக என்னுடையது.

தம்பியிடம் இதைச் சொன்னேன்.

"இது அப்படி இல்லண்ணே, இதுல பர்ன் இருக்கு, டோக்கனை எரிச்சிடுவாங்க."

"எதுக்குப் பர்ன் பண்ணுவாங்க?"

"கேரக்டரை லெவல் ஏத்த."

"ஏத்தி?"

"மார்க்கெட்ல விக்கலாம்."

"யாருக்கு?"

தேயை எடுத்து ஒரு மிடறு குடித்தான். "புதுசா வர்றவங்களுக்கு."

கணக்குப் போட்டே தீருவேன் என்றால் முதல் மாதத்திலிருந்தே மாதத்துக்கு மாதம் விலை பாதியாகும் என்று வைத்துப் போடுங்கள். அதே 900 டாலருக்கு முதல் மாதம் 450 வரும், அடுத்து 225, அடுத்து 112 சொச்சம். எத்தனை வருடம் கூட்டினாலும் 900 நிறையாது. அந்தக் கணக்கிலும் உங்களுக்கு ஆட ஆசை இருந்தால், விளையாட்டு உண்மையிலேயே நன்றாக இருக்கிறது என்று அர்த்தம், தாராளமாக ஆடுங்கள். போட்ட முதல் வரும்வரை கிடைப்பதை அன்றன்றே விற்றுவிடுங்கள். தினமும் எத்தனை டோக்கன் பிறக்கிறது, எத்தனை எரிகிறது என்பது பிளாக்செயின் என்ற பொதுப் பதிவேட்டிலேயே பதிவாகிறது, யாரும் பார்க்கலாம். விலை வரைபடத்தைப் பார்ப்பதில் பாதி நேரத்தை இதற்குக் கொடுங்கள்.

ஊரில் இருப்பவரை ஆட வைப்பது

ஸ்காலர்ஷிப் என்று அழகான பெயர். ஆக்ஸி என்னுடையது, ஆடுவது புதுக்கோட்டையில் அக்கா மகன், வருவதில் 60 அவனுக்கு, 40 எனக்கு. முதல் இரண்டு மாதம் மாமா என்றால் உயிர். விலை விழுந்ததும் நான் பங்கைத் தின்றுவிட்டதாகப் பேச்சு. எஸ்எல்பி எண்ணிக்கை குறையவில்லை, விலைதான் குறைந்தது என்று அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் விளக்கிப் பார்த்தேன். ரூபாயில் கொடுப்பதாகச் சொன்னால் ரூபாயில் நிலையாகக் கொடுங்கள். முடியாவிட்டால் சொந்தத்தில் செய்யாதீர்கள்.

கடன் வாங்கி இறங்குவது

வேண்டாம்.

எல்லாவற்றையும் விளையாட்டின் வாலட்டிலேயே விட்டுவைப்பது

ஆக்ஸி ஓடிய ரோனின் பிளாக்செயினுக்கும் எத்தீரியம் என்ற பெரிய பிளாக்செயினுக்கும் நடுவில் பணத்தை மாற்றிவிடும் பாலத்தில் 2022 மார்ச் 23 அன்று 1,73,600 ஈதரும் (எத்தீரியத்தின் நாணயம்) 2.55 கோடி யுஎஸ்டிசியும் (ஒன்று ஒரு டாலருக்குச் சமமான டோக்கன்) களவு போயின. பணத்தை வெளியே விட ஒன்பது சரிபார்ப்பாளர்களில் ஐந்து பேரின் டிஜிட்டல் கையெழுத்து அப்போது போதுமாக இருந்தது. அந்த ஐந்தும் திருடர்கள் கைக்குப் போய்விட்டன. வட கொரியாவின் லாசரஸ் கும்பல் என்றது எஃப்பிஐ. ஆறு நாள் யாருக்கும் தெரியவில்லை. ஒருவர் 5,000 ஈதரை எடுக்கப் போய் முடியாமல் புகார் சொன்ன பிறகுதான் வெளிவந்தது. பாலம் திரும்பத் திறக்க ஜூன் கடைசி ஆயிற்று. ஆடத் தேவையானது உள்ளே இருக்கட்டும். மிச்சத்தை வெளியே எடுங்கள்.

வரி

சிங்கப்பூரில் மூலதன ஆதாயத்துக்கு வரி இல்லை என்பதை மட்டும் பிடித்துக்கொள்கிறார்கள். தொழில்போல வாங்கி விற்றால் அது வருமானம். தேதியும் விலையும் எழுதி வையுங்கள்.

'என் சொத்து' என்று நம்புவது

சட்டப்படி சொத்துதான். என்எஃப்டி ஒன்றை அடமானமாக வைத்துக் கடன் வாங்கிய தகராறில், அதை விற்கக் கூடாது என்று சிங்கப்பூர் உயர் நீதிமன்றம் 2022இல் தடையாணையே போட்டது. ஆனால் உங்கள் வாலட்டில் இருப்பது டோக்கன் மட்டும். விளையாட்டில் நீங்கள் வாங்கிய வாள் வெட்டுவதும் குதிரை ஓடுவதும் நிறுவனத்தின் சர்வரில். அதை அணைத்தால் வாள் உங்களிடமே இருக்கும், வெட்டத்தான் இடம் இருக்காது.

மூன்றாவது ஆக்ஸியை நான் விற்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. ஒரு ஆக்ஸி ஏழு முறைதான் குட்டி போடலாம். அது ஏழும் போட்டு முடித்துவிட்டது. வாலட்டைத் திறக்கும்போதெல்லாம் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது.