ஆசிரியர் சங்கத்தின் துணையோடு சமுதாயப் பள்ளி: எங்கிருந்து தொடங்குவது?

பல்வலியோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குப் பின்னக் கணக்கு ஏறாது. அமெரிக்காவில் சமுதாயப் பள்ளி என்ற எண்ணமே இங்கிருந்துதான் பிறக்கிறது. பள்ளி அதே அரசுப் பள்ளிதான். ஆனால் மருத்துவப் பரிசோதனை, மாலை வகுப்பு, பெற்றோருக்கு ஆங்கிலப் பயிற்சி என்று அந்தப் பகுதிக்கு வேண்டியதெல்லாம் வளாகத்துக்குள்ளேயே கிடைக்கும். இதில் ஆசிரியர் சங்கத்தின் வேலை என்ன? லாஸ் ஏஞ்சலிஸை வைத்துப் பார்ப்போம்.

படி 1: காது கொடுங்கள்
எடுத்த எடுப்பில் கிளினிக் திறக்க வேண்டாம். ஆசிரியர்கள் இரண்டிரண்டு பேராக வீடுகளுக்குப் போகட்டும். கையில் ஒரு நோட்டும் ஒரே கேள்வியும் போதும்: "பிள்ளை பள்ளிக்கு வர எது தடையாக இருக்கிறது?" ஒரு அம்மா காலை ஷிப்டைச் சொல்வார், இன்னொருவர் பிள்ளையின் ஆஸ்துமாவைச் சொல்வார். சொன்னதைச் சொன்னபடியே எழுதுங்கள்.

படி 2: குழு அமையுங்கள்
பெற்றோர், மாணவர், ஆசிரியர், தலைமை ஆசிரியர், துப்புரவுப் பணியாளர் எல்லோருக்கும் இடம் வேண்டும். கூட்டத்தை மாலையில் வையுங்கள். சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆளும், ஸ்பானிஷ் பேசும் பெற்றோருக்காக ஒரு மொழிபெயர்ப்பாளரும் கட்டாயம் வேண்டும்.

படி 3: ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்
பள்ளி நிர்வாகத்தோடு ஆசிரியர்கள் சார்பில் ஒப்பந்தம் போடுவது சங்கம்தான். அதனால் சங்கத்தால் மட்டுமே முடிகிற வேலை இது. வாய்வார்த்தையாகக் கிடைத்த வாக்குறுதி, அதிகாரி மாறினால் அவரோடு போய்விடும், ஒப்பந்தம் போகாது. 2019 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸில் 30,000-க்கும் அதிகமான ஆசிரியர்கள் ஆறு பள்ளி நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கொட்டும் மழையில் குடையும் மழைக்கோட்டுமாக நின்றார்கள். சம்பளத்தோடு நிறுத்தாமல், வகுப்பில் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறைக்கவும், ஒவ்வொரு பள்ளிக்கும் நர்ஸ் போடவும், 30 சமுதாயப் பள்ளிகளை உருவாக்கவும் கேட்டு, ஒப்பந்தத்திலும் சேர்த்தார்கள். பிள்ளைகளுக்காகக் கேட்டதால்தான் பெற்றோர்களும் பக்கத்தில் வந்து நின்றார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன். சிகாகோ சங்கமும் இதே வழியில்தான் போனது. அங்கே 2018-இல் 20 பள்ளிகளில் திட்டம் தொடங்கியது.

படி 4: முழுநேர ஒருங்கிணைப்பாளர்
ஏற்கெனவே ஐந்து வகுப்பு எடுக்கும் ஆசிரியர் தலையில் இதையும் கட்டாதீர்கள். தனி ஆள், தனிச் சம்பளம். இதையும் ஒப்பந்தத்தில் கேளுங்கள்.

படி 5: பணம்
கலிபோர்னியா மாநிலம் 2021-இல் சமுதாயப் பள்ளிகளுக்கென்று 300 கோடி டாலர் ஒதுக்கியது. திட்டமிட ஒரு மானியம், நடத்த ஒரு மானியம். விண்ணப்பம் எழுத உட்காரும்போது, வீடு வீடாகப் போய் எழுதிய அந்த நோட்டை மேசைமேல் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.