சேர்வருக்கு இயங்குதளம் மாற்றுகிறீர்களா? ஒரு மாத வாடகையில் மிச்சம் பிடிக்காதீர்கள்

சேர்வர்களில் ஓடும் லினக்ஸ் இயங்குதளமான சென்ட்ஓஎஸ் 7க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2024 ஜூன் 30ஆம் திகதியோடு நின்றுபோயின. அதற்குப் பிறகு, கொழும்பில் புறக்கோட்டை, வெள்ளவத்தைப் பக்கத்துக் கடைகளுக்கு சேர்வர் பார்த்துக்கொடுக்கும் என்னிடம் அடிக்கடி வருகிற கேள்வி இது: "அண்ணை, கொன்ட்ரோல் பனலுக்குள்ள ரீஇன்ஸ்டால் எண்டு ஒரு பட்டன் கிடக்கு. அதை அமத்தினால் காணும்தானே?"

காணும். அமத்தினால் டிஸ்கில் இருந்த எதையும் பிறகு காணமாட்டீர்கள்.

அந்தப் பட்டன் பழையதைத் திருத்துவதில்லை, டிஸ்கை அழித்துவிட்டுப் புதிதாக எழுதுகிறது. வாடகை சேர்வரோ சிங்கப்பூரிலோ ஜேர்மனியிலோ ஒரு தரவு மையத்து ரக்கில் கிடக்கும். பிழைத்தால் எழும்பிப் போய் மொனிட்டர் கொழுவிப் பார்க்க வழியில்லை. என்னிடம் வந்த சிக்கல்களில் முக்கால்வாசி, ஓடிக்கொண்டிருந்த அதே சேர்வரில் எல்லாவற்றையும் முடிக்கப் பார்த்ததால் வந்தவைதான். ஒரு மாதத்துக்கு இரண்டு வாடகை கட்டினாலும் பரவாயில்லை, புதிதாக இன்னொரு சேர்வர் எடுங்கள். புதிய இயங்குதளத்தை அதில் போட்டு, தளங்களை ஒவ்வொன்றாக நகர்த்திப் பாருங்கள். டொலரில் கட்டுகிற காசு என்று கடைக்காரர் முகம் சுளிப்பார். சுளிக்கட்டும்.

புதிய சேர்வர் என்றால் ஐபி, அதாவது சேர்வரின் இணைய முகவரி எண், மாறும். தளத்தின் பெயரை ஐபியோடு இணைப்பது டிஎன்எஸ். பழைய ஐபியை மற்றவர்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைத்திருக்கலாம் என்று அதில் சொல்வது டிடிஎல். அதை மாற்றத்துக்கு முந்திய நாளே 300 வினாடிக்குக் குறைத்துவிடுங்கள். மின்னஞ்சலும் அங்கிருந்தே போகிறது என்றால் ரிவர்ஸ் டிஎன்எஸ்ஸையும் (ஐபியிலிருந்து பெயரைக் காட்டும் பதிவு) கேட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் கடையின் பில்லெல்லாம் ஸ்பாமுக்குள் போய் விழும்.

பேக்கப் எடுத்தேன் என்று எல்லோரும்தான் சொல்கிறார்கள். அது எங்கே இருக்கிறது என்று கேட்டால், அதே டிஸ்கில்! வேறு சிலர் வீட்டுக் கணினிக்கு இறக்கி வைத்திருப்பார்கள். 200 ஜிபியை 10 எம்பிபிஎஸ் வேகத்தில் திருப்பி ஏற்ற ஏறக்குறைய 44 மணித்தியாலம் வேண்டும். சேர்வரிலிருந்து சேர்வருக்கே நேரே அனுப்புங்கள். ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் கோப்புகளை அப்படியே கொப்பி பண்ணுவதும் பேக்கப் ஆகாது, டம்ப் எடுக்க வேண்டும், அதாவது டேட்டாபேஸைக் கொண்டே உள்ளிருப்பதை ஒரு கோப்பாக எழுதுவிக்க வேண்டும்.

ஆனால் வலைக்கோப்பும் டேட்டாபேசும் மட்டும் சேர்வர் இல்லை. இதை நான் கற்றது செட்டியார் தெரு நகைக்கடை ஒன்றின் புண்ணியத்தில். தினமும் காலை 9 மணிக்குப் பவுண் விலையைப் புதுப்பிக்கும் க்ரொன் வேலை (குறித்த நேரத்தில் தானே ஓடுவது) ஒன்று பழைய சேர்வரில் இருந்தது. அதை எடுக்க மறந்துபோனேன். இரண்டு நாள் முந்திய விலையே தளத்தில் நின்றது, முதலாளி தொலைபேசியில் கத்தினார். அவசரமாகத் திரும்பப் போட்டேன். அடுத்த நாள் விலை பின்னேரம் 2.30க்குத்தான் மாறியது. புதிய சேர்வர் யூடிசி எனும் உலகப் பொது நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது, நாங்கள் அதற்கு ஐந்தரை மணித்தியாலம் முன்னால் இருக்கிறோம். நேர வலயத்தை ஏசியா/கொழும்பு என்று மாற்றி, க்ரொன் சேவையை ஒருமுறை நிறுத்தித் தொடங்கிய பிறகே தொலைபேசி ஓய்ந்தது.

எங்கள் ஆட்களுக்கென்றே ஒரு பொறி இருக்கிறது: தமிழ் எழுத்து. எல்லா மொழி எழுத்தையும் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட் எடுக்கும். 'கொ' என்றால் இரண்டு குறியீடு, 6 பைட். பழைய தளங்கள் பலவற்றில் டேட்டாபேஸ் டேபிள் லத்தீன்1 (மேற்கு ஐரோப்பிய எழுத்துக்கான பழைய முறை) என்று அறிவிக்கப்பட்டிருக்கும், உள்ளே கிடப்பதோ யூடிஎஃப்-8 தமிழ். எழுதும்போதும் வாசிக்கும்போதும் ஒரே பிழை நடப்பதால் திரையில் தமிழ் ஒழுங்காகவே தெரியும். புதிய இயங்குதளத்தோடு வரும் புதிய பிஎச்பியும் (தளத்தை ஓட்டும் நிரல்மொழி) மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸும் யூடிஎஃப்8எம்பி4இல் (மைஎஸ்கியூஎல்லில் முழு யூடிஎஃப்-8இன் பெயர்) பேசத் தொடங்கியதும் குட்டு வெளிப்படும். குறியீடு ஒவ்வொன்றும் மூன்று அந்நியக் குறிகளாக உடைந்து நிற்கும். ஆகவே பழையதை அழிக்க முன்னர் டம்ப் கோப்பைத் திறந்து, தமிழ் தமிழாகத் தெரிகிறதா என்று கண்ணால் பாருங்கள். தெரியாவிட்டால் லத்தீன்1 என்று குறிப்பிட்டே மறுபடி டம்ப் எடுத்து, கோப்புக்குள் இருக்கும் அறிவிப்புகளை யூடிஎஃப்8எம்பி4 என மாற்றிய பிறகு ஏற்றுங்கள்.

பிஎச்பி பற்றியும் ஒரு வார்த்தை. சென்ட்ஓஎஸ் 7இல் இயல்பாக இருந்தது 5.4, இன்னொரு லினக்ஸான உபுண்டு 24.04இல் 8.3. பழைய மைஎஸ்கியூஎல் கட்டளைகள் பிஎச்பி 7.0இலேயே நீக்கப்பட்டுவிட்டன. பத்து வருடத்துக்கு முன் யாரோ எழுதிய நிரல் என்றால், சேர்வரை மாற்ற முன்னர் நிரலைத்தான் மாற்ற வேண்டும்.

வெளித் தொடர்புகளை மறிக்கும் ஃபயர்வாலை இயக்க முன்னர், நீங்கள் தூரத்திலிருந்து உள்ளே நுழையும் எஸ்எஸ்எச் வாசலைத் திறந்துவையுங்கள். மறந்தால் உங்கள் சேர்வர் உங்களையே வெளியில் நிறுத்தும். அப்போது கைகொடுப்பது சேர்வரை வாடகைக்கு விடும் நிறுவனம் தரும் கேவிஎம் கன்சோலோ (தூரத்திலிருந்தே திரையும் விசைப்பலகையும்) ரெஸ்கியூ மோடோ (சேர்வரின் டிஸ்கைத் தொடாமல் தனி இயங்குதளத்தில் எழும்பும் வழி) தான். அது உண்மையில் திறக்கிறதா என்று வேலை தொடங்க முன்னரே பாருங்கள். கரண்ட் நின்றாலும் வேலை பாதியில் அறாமல் இருக்க, எதையும் டீமக்ஸுக்குள் (உங்கள் இணைப்பு அறுந்தாலும் சேர்வரில் வேலையைத் தொடரவைக்கும் மென்பொருள்) வைத்தே ஓட்டுங்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறையில் ஒரு குரங்கால் நாடு முழுக்க இருண்டது. அன்று கோப்பு நகர்த்திக்கொண்டிருந்தவர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை.

பலர் போயா (பௌர்ணமி விடுமுறை) நாளில்தான் மாற்றுகிறார்கள். கடை பூட்டு, நல்லதுதான். வங்கியும் பூட்டு என்பதால் காசு கட்டும் பக்கத்தை அன்று முழுமையாகச் சோதிக்க முடியாமல் போகலாம். நான் செவ்வாய் இரவைத் தெரிந்தெடுப்பேன்.

பழைய சேர்வரை ரத்துச் செய்யும் மின்னஞ்சலை, மாதக் கடைசிக் கணக்கு புதியதில் ஒருமுறை ஓடி முடிந்த பிறகு அனுப்புங்கள். ஒப்பந்தத்தில் எத்தனை நாள் முன்னறிவித்தல் கேட்டிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். அனுப்பிய பிறகு ரெஸ்கியூ மோடில் ஏறி டிஸ்கை நீங்களே அழித்துவிடுங்கள். அதே பெட்டி அடுத்த வாடகைக்காரரிடம் போகும், உள்ளே இருப்பது நகைக்கடையின் வாடிக்கையாளர் பட்டியல்.