கத்திரி வெயில், திடீர் மழை: புல்தரையைக் காப்பது எப்படி?

மே மாதத்தில் பகலெல்லாம் வெயில் கொளுத்தும். சாயங்காலம் இடியும் சூறைக்காற்றுமாய் அரை மணி நேரம் கொட்டித் தீர்க்கும். காய்ந்து இறுகிய மண்ணில் அந்த மழை பெரும்பாலும் மேலோடு ஓடிவிடும். வாசலில் தண்ணீர் தேங்கியிருக்கும், வேர் மட்டும் காய்ந்தே கிடக்கும். அதனால் வானத்தைப் பார்க்காமல் மண்ணைப் பார்த்துத் தண்ணீர் விடுங்கள். கொரியன் புல், பெர்முடா புல் இரண்டுக்கும் இதுதான் முறை.

படி 1: ஈரத்தைச் சோதியுங்கள்
நீளமான ஸ்க்ரூடிரைவரை மண்ணில் அழுத்துங்கள். 4 அங்குலம் சுலபமாக இறங்கினால் தண்ணீர் வேண்டாம். நடந்த காலடித்தடம் நிமிராமல் கிடந்தாலோ, புல் சாம்பல் பூத்தாற்போல் மங்கினாலோ அன்றே விட வேண்டும்.

படி 2: அளந்து விடுங்கள்
கோடையில் வாரத்துக்கு 25 முதல் 40 மி.மீ. உயரத்துக்குத் தண்ணீர் போதும். அதை இரண்டு மூன்று தடவையாகப் பிரித்து, காலை 5 முதல் 7 மணிக்குள் விடுங்கள். ஒரு தடவைக்கு 12 மி.மீ. என்றால் 100 சதுர அடிக்குச் சுமார் 110 லிட்டர். ஸ்பிரிங்ளர் இருந்தால் நேர்ப்பக்கமுள்ள நாலு டப்பாக்களை ஆங்காங்கே வைத்து, 10 நிமிடம் ஓடவிட்டு ஸ்கேலால் அளங்கள். மழையையும் அதே டப்பாவில் அளந்து கழித்துக்கொள்ளலாம். தண்ணீர் வழிந்தோடினால் நிறுத்தி, அரை மணி கழித்து மறுபடி விடுங்கள். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தால் வேர் மேலாகவே நிற்கும். இரவில் விட்டால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்.

படி 3: வெட்டு
2 அங்குல உயரம் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாதீர்கள். பிளேடு மழுங்கியிருந்தால் நுனி நார்நாராகக் கிழிந்து வெளுத்துவிடும். உச்சி வெயில் நாட்களில் யூரியா போடவே வேண்டாம், கருக்கிவிடும்.

படி 4: மழை விட்ட பிறகு
ஈரத்தரையில் நடக்காதீர்கள், மண் இறுகும். உதிர்ந்த வேப்பிலை, சுள்ளிகளை ஓரத்தில் நின்றே வாரி எடுங்கள். ஒருநாள் கடந்தும் நீர் தேங்கினால், அது வடிந்ததும் தோட்ட ஃபோர்க்கால் 4 அங்குல ஆழத்துக்குக் குத்தி, துளைகளில் சலித்த மணல் போடுங்கள். தூரத்தில் இடிச்சத்தம் கேட்டாலே மின்சார மோவரை (புல்வெட்டும் மெஷினை) நிறுத்தி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு உள்ளே வந்துவிடுங்கள்.

படி 5: திட்டுத்திட்டாகப் பழுத்தால்
கடைக்காரர் தரும் மருந்தை உடனே அடிக்காதீர்கள், காரணம் மூன்றாக இருக்கலாம். விடியலில் சிலந்திவலை போல வெள்ளை நூல் தெரிந்தால் பூஞ்சை: தண்ணீரைக் குறையுங்கள். புல் பாய் சுருட்டுவதுபோல் கையோடு வந்தால் வேர்ப்புழு. இலை கடிபட்டு, மைனாக்கள் கூட்டமாக மேய்ந்தால் கம்பளிப்புழுவோ படைப்புழுவோ இருக்கும்: 4 லிட்டர் தண்ணீரில் 2 மேஜைக்கரண்டி பாத்திர சோப்புத் திரவம் கலந்து ஒரு சதுர மீட்டரில் ஊற்றினால், பத்து நிமிடத்தில் மேலே நெளிந்து வரும்.