மிளகாய் எண்ணெய் வெளுக்காமல், சிக்கு வாடை வராமல் இருக்க

இட்லிப் பொடிக்கும் ஊறுகாய்க்கும் எடுத்து வைக்கிற மிளகாய் எண்ணெயைக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி ஜன்னல் ஓரம் வைக்காதீர்கள். காரைக்குடி வெயிலில் முதலில் சிவப்பு வெளுக்கும், பின்னாலேயே சிக்கு வாடை வரும், இரண்டுக்கும் தொடர்பு உண்டு.

மிளகாயின் சிவப்பு பெரும்பாலும் கேப்சாந்தின் என்ற கரோட்டினாய்டு, அதாவது செடிகளில் உண்டாகி எண்ணெயில் கரையும் மஞ்சள்-சிவப்பு நிறப்பொருள்களில் ஒன்று. (மஞ்சள்தூளின் நிறம் வேறு வகை, அதை இதில் சேர்க்காதீர்கள்.) செக்கு நல்லெண்ணெயில் துளியளவு பச்சையம் இருந்தாலும், அது வெளிச்சத்தை வாங்கி ஆக்சிஜனைச் சிங்கிளெட் ஆக்சிஜன் என்ற முரட்டு வடிவத்துக்கு மாற்றிவிடும், அது நல்லெண்ணெயில் நிறைய உள்ள லினோலிக் என்ற கொழுப்பைச் சாதாரண ஆக்சிஜனைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வேகமாகத் தாக்கும். கரோட்டினாய்டு அந்த முரட்டு ஆக்சிஜனின் ஆற்றலை வாங்கி வெறும் சூடாக்கி விட்டுவிடுகிறது. அதனால் வெளிச்சத்தில் இது நல்ல காவல்.

இருட்டில் கதை வேறு. 1984-ல் கனடாவில் பர்ட்டன், இங்கோல்ட் என்ற வேதியியலாளர்கள் இருவரும் பீட்டா கரோட்டினை (கேரட்டுக்கு நிறம் தரும் கரோட்டினாய்டு) வைத்துக் காட்டியது இதுதான்: ஆக்சிஜன் குறைவாக இருக்கும்போது அது கொழுப்பைக் காக்கிறது, ஆக்சிஜன் மிகுந்தால் தானே ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டவும் செய்கிறது. ஆகவே சிவப்பு நிறையச் சேர்த்தால் எண்ணெய் கெடாது என்று நம்பிவிட முடியாது, காற்றையும் குறைத்தாக வேண்டும். நல்லெண்ணெயில் உள்ள வைட்டமின் ஈ-யும் சிசமால் என்ற எள்ளுப் பொருளும் கூடவே காவலுக்கு நிற்பது நமக்கு நல்லது.

சரி, செய்முறை. நல்லெண்ணெயைக் காய்ச்சி அடுப்பை அணைத்து, கொஞ்சம் ஆறவிட்டு, பொடி போட்டால் கருகாமல் லேசாக நுரைக்கிற பதத்தில் மிளகாய்த்தூளைப் போடுங்கள், ஏனென்றால் கருகினால் நிறத்தோடு காவலும் போய்விடும். கறிவேப்பிலையை இதில் போட்டு வைக்காதீர்கள், அதன் பச்சையமும் எண்ணெயில் இறங்கும், தாளிக்கும்போது போட்டுக்கொள்ளலாம். ஈயம் பூசாத பித்தளை, துரு ஏறிய இரும்பு இரண்டும் வேண்டாம், பித்தளையில் உள்ள செம்பும், இரும்பும் எண்ணெயைச் சீக்கிரம் கெடுக்கும்.

ஆறியதும் சிறிய பீங்கான் ஜாடிகளில் வாய் வரை நிரப்பி இறுக்கி மூடி, வெயில் எட்டாத உள் அறையில் வையுங்கள். அப்பத்தா காலத்து ஜாடி இதற்குத்தான் அருமை, வெளிச்சம் துளியும் நுழையாது. ஒரு ஜாடி முடிந்த பிறகே அடுத்ததைத் திறக்க வேண்டும். பழைய எண்ணெய் மிச்சம் இருக்கும்போது அதன் மேல் புதுசை ஊற்றவே ஊற்றாதீர்கள், பழசில் சேர்ந்திருக்கும் பெராக்சைடு (ஆக்சிஜன் ஏறிக் கெடத் தொடங்கிய கொழுப்பு) புதுசையும் சீக்கிரம் கெடுத்துவிடும், ஜாடியைக் கழுவி ஈரம் போகக் காயவைத்து அப்புறம் நிரப்புங்கள்.