எடை குறைந்த பிறகு தொங்கும் கைத்தோல்: எங்கிருந்து தொடங்குவது?

96 கிலோவிலிருந்து 64 கிலோவுக்கு வர எனக்கு இரண்டு ஆண்டுகள் பிடித்தன. இடுப்பு இறங்கியது, மூட்டுவலி போனது. மேல்கை மட்டும் குழந்தையை எடுத்துவிட்ட தூளி போலத் தொங்கியது. பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடிப்பதற்கு முன் முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொள்வது வழக்கமாகிவிட்டது.

முதலில் நான் செய்தது எல்லோரும் செய்வதுதான். 'தோலை இறுக்கும்' என்று அட்டையில் அச்சிட்ட களிம்பில் மூன்று குழாய்களைத் தேய்த்துத் தீர்த்தேன். தோல் மிருதுவாகத் தொங்கியது. அந்தப் பணத்தில் ஆறு மாதத்துக்கு முட்டை வாங்கியிருக்கலாம். நீங்கள் வேறு வரிசையில் தொடங்குங்கள்.

படி 1: கிள்ளிப் பாருங்கள்

கண்ணாடி முன் நின்று ஒரு கையைப் பக்கவாட்டில் தோள் உயரத்துக்கு நீட்டுங்கள். அடியில் தொங்குவதை மற்றக் கையின் இரண்டு விரல்களால் பிடியுங்கள். மடித்த துணி போல மெல்லியதாக வந்தால் அது பெரும்பாலும் தோல். தடித்து, மெத்தென்று இருந்தால் உள்ளே இன்னும் கொழுப்பு இருக்கிறது. பலருக்கு இரண்டும் கலந்தே இருக்கும்.

கொழுப்பு என்றால் மொத்த எடை இன்னும் கொஞ்சம் குறையும்போது அதுவும் குறையும். கைக்கு மட்டும் பயிற்சி செய்து கைக்கொழுப்பை மட்டும் கரைக்க முடியாது. தோல் என்றால் கதை வேறு. தோலுக்குள் கொலாஜன், எலாஸ்டின் என்ற இழைகள் இருக்கின்றன. பல ஆண்டுகள் இழுபட்டே கிடந்தால் அவை நைந்துவிடும், பழைய உள்பாவாடையின் எலாஸ்டிக் போல. வயது, எத்தனை ஆண்டு பருமனாக இருந்தோம், எவ்வளவு எடை இறங்கியது, வெயில், புகைப்பழக்கம் எல்லாம் இதில் சேரும். எடை ஒரே இடத்தில் நின்ற பிறகும் சில மாதங்களுக்குத் தோல் சிறிது சுருங்கலாம். ஆகவே உடனே முடிவு கட்டாதீர்கள்.

ஒரு கை மட்டும் வீங்கியிருந்தாலோ, அழுத்தினால் குழி விழுந்தாலோ இந்தக் கட்டுரையை மூடிவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

படி 2: அளந்து வையுங்கள்

முழங்கை நுனியிலிருந்து 15 செ.மீ. மேலே பேனாவால் புள்ளி வைத்து, அங்கே சுற்றளவு எடுங்கள். மாதம் ஒரு முறை போதும்.

படி 3: உள்ளே தசையை நிரப்புங்கள்

வீட்டிலேயே செய்யக்கூடியவற்றில் பலன் தருவது இதுதான். கையை மடக்கிக் காட்டும்போது புடைக்கும் முன்தசையைத்தான் எல்லோரும் வளர்க்கிறார்கள். ஆனால் மேல்கைத் தசையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பின்புறம் இருக்கும் டிரைசெப்ஸ். தொங்குவதும் அந்தப் பக்கம்தான்.

சுவரிலிருந்து கை நீளத்துக்கு விலகி நின்று, தோள் உயரத்தில் உள்ளங்கைகளை ஊன்றுங்கள். முழங்கைகளை விலா எலும்போடு ஒட்டினாற்போல் வைத்து நெஞ்சைச் சுவரை நோக்கி இறக்கி, பிறகு தள்ளி நிமிருங்கள். முழங்கை வெளிப்பக்கம் விரிந்தால் வேலை மார்புக்குப் போய்விடும். 10 முறை, மூன்று சுற்று. இது எளிதாகிவிட்டால் சுவருக்குப் பதில் சமையல் மேடையின் விளிம்பில் செய்யுங்கள். மேடை ஈரமாக இருந்தால் வழுக்கும், துடைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்புங்கள். நாற்காலியில் அமர்ந்து, இரண்டு கைகளாலும் அதைத் தலைக்கு மேல் தூக்கி, முழங்கைகள் கூரையைப் பார்க்க, பாட்டிலைப் பிடரிக்குப் பின்னால் மெதுவாக இறக்கி ஏற்றுங்கள். தோள் வலித்தால் கட்டிலில் மல்லாந்து படுத்துச் செய்யலாம்.

மூன்றாவதற்கு, துணிப்பையில் இரண்டு கிலோ அரிசி போட்டுக்கொள்ளுங்கள். ஒரு கையை நாற்காலியில் ஊன்றிக் குனிந்து, மறுகையால் பையை இடுப்பை நோக்கி இழுங்கள். கிணற்றில் நீர் இறைத்த பாட்டிகளுக்கு இது புதிதல்ல.

வாரம் மூன்று நாள், இடையில் ஒரு நாள் ஓய்வு. மூச்சை அடக்காதீர்கள். ஒவ்வொரு சுற்றிலும் கடைசி இரண்டு முறை சிரமமாக இருக்க வேண்டும். 15 முறை சிரமமில்லாமல் வந்தால் எடையைக் கூட்டுங்கள். நான் நான்கு மாதங்கள் அதே ஒரு லிட்டர் பாட்டிலைப் பக்தியோடு தூக்கினேன். எதுவும் நடக்கவில்லை. இரண்டு லிட்டருக்கு மாறி மூன்று மாதம் ஆன பிறகுதான் தோளுக்குக் கீழே ஒரு கோடு தெரிந்தது. தொங்கல் முழுதும் போகவில்லை, ஓரளவு நிரம்பியது. அதற்கு மேல் வாக்குக் கொடுப்பவரை நம்பாதீர்கள்.

படி 4: புரதம்

தசைக்குத் தீனி வேண்டும். பயிற்சி செய்பவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 கிராம் என்று வைத்தால், 64 கிலோவுக்கு ஏறக்குறைய 77 கிராம். இட்லி, சாம்பார், ரசம் சாதம் என்று ஓடும் நாளில் இதில் பாதியைத் தொடுவதே கடினம். ஒரு முட்டையில் 6 கிராம். 100 கிராம் பனீரில் 18 அளவில். வெந்த கோழி நெஞ்சுக்கறி 100 கிராமில் 30. சோயா உருண்டை, உலர்ந்த நிலையில் 50 கிராமுக்கு 25 கிராம் கிடைக்கும், விலையும் குறைவு. மாலையில் பஜ்ஜிக்குப் பதில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

படி 5: மடிப்பைக் காயவையுங்கள்

அக்குள் அருகே தோலும் தோலும் உரசி, வியர்த்து, புண்ணாகும். குளித்தபின் ஒற்றித் துடையுங்கள், பருத்தித் துணி அணியுங்கள். அரிப்பும் சிவப்பும் நாற்றமும் சேர்ந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். நீரிழிவு உள்ளவர்கள் தள்ளிப்போட வேண்டாம்.

படி 6: தையற்காரரிடம் பேசுங்கள்

இதற்கு நான் முன்பே போயிருக்க வேண்டும். பழைய ரவிக்கையை அளவுக்குக் கொடுக்காதீர்கள். உங்கள் கையை அளக்கச் சொல்லுங்கள், நீட்டியும் மடக்கியும். ரவிக்கையின் கை முடியும் இடம்தான் முக்கியம்: தொங்கல் அதிகமாக உள்ள இடத்தில் கை முடிந்தால் கண் அங்கேயே போய் நிற்கும். முழங்கைக்குச் சற்று மேலே அல்லது முக்கால் கை என்று முடித்துவிடுங்கள். இறுக்கிப் பிடித்தால் சதை விளிம்பில் பிதுங்கும், ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடம் வேண்டும். உள்தையலில் துணி விடச் சொல்லுங்கள். பயிற்சி பலித்தால் பிரிக்க வேண்டியிருக்கும்!

படி 7: அறுவைச் சிகிச்சை வேண்டுமா?

மிகையான தோலை உண்மையில் அகற்றுவது இது ஒன்றுதான். பிராக்கியோபிளாஸ்டி என்பார்கள். எடை ஆறு மாதமாவது மாறாமல் நிற்க வேண்டும், புகைப்பழக்கத்தை நிறுத்த வேண்டும். இரைப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு இரும்புச்சத்து, பி12 போன்றவற்றையும் சரிபார்ப்பார்கள். பிறகு சில வாரங்கள் மேல்கையை இறுக்கிப் பிடிக்கும் உறை போட வேண்டும். நீர் கோத்தல், புண் தாமதமாக ஆறுதல், மரத்துப்போதல் ஆகியவை நேரலாம். விலையாகத் தருவது ஒரு நீண்ட தழும்பு. காலப்போக்கில் மங்கும், மறையாது.

அந்தத் தழும்பை முன்கூட்டியே பார்த்துவிடலாம். என் மருத்துவர் அக்குளிலிருந்து முழங்கை வரை உட்புறத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டார். அதை இரண்டு நாள் அழிக்காமல் வைத்திருந்தேன். துணி காயப்போடும்போது, பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கும்போது பார்த்தேன். எனக்குத் தொங்கலே பரவாயில்லை என்று தோன்றியது. அன்று காத்திருந்த அறையில் என் பக்கத்தில் அமர்ந்திருந்த பெண் கோட்டைத் தேர்ந்தெடுத்தார். நீங்கள் மருத்துவரைப் பார்க்கும் முன்பே வீட்டில் ஒரு பேனாவை எடுத்துப் போட்டுப் பார்க்கலாம்.